ஒரு வருடம் நான்கு மாதம்



இந்த மாதத்தில் மட்டும் நாலு பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலைக்குப் போகணும். இன்டர்நேஷனல் ஸ்கூலோ யுனிவர்சிட்டியோ, எப்படித் தேடுறது?" அதில் ஒருத்தி என் தம்பி மகள். அவள் மட்டும் "அத்தை, நீங்க அந்தக் காலத்துலேயே போயிட்டு வந்தவங்கதானே, ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

தனித்தனியாகப் பதில் டைப் செய்ய என் விரலுக்குத் தெம்பில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு பிள்ளையின் கதையும் வரும். அவளிடம் கேட்டு, அவள் "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் போடாதீங்க" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். யாரென்று ஊகித்தவர்கள் கமெண்டில் போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன்.

முதலில் நான் போன கதை. சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தது 1980ல். நாகர்கோவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதற்குள் கல்யாணம், பிள்ளை. ஒரு நர்சரி பள்ளியில் மாதம் 450 ரூபாய்க்கு வேலை. 1989ல் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. மாலத்தீவுக்கு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் தேவை, ஆங்கில வழி, இரண்டு வருட ஒப்பந்தம். திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வு. வீட்டுக்காரர் போய் வா என்றார். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்று வயது மகனை என் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். ஒரு மணி நேரம்கூட ஆனதாகத் தோன்றவில்லை, அதற்குள் கடலுக்கு நடுவே விமானம் இறங்கிவிட்டது. விமான நிலையமே ஒரு தனித் தீவு. அங்கிருந்து மாலேவுக்குப் படகு. மாலேவிலிருந்து எனக்குக் கொடுத்த தீவுக்கு டோனி என்கிற மரப்படகில் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். வாந்தி எடுத்தே விடிந்தது.

அங்கே பிள்ளைகளின் மொழி திவேஹி. அதன் எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். நான் முதல் நாள் இங்கிலீஷ் நோட்டைத் திறக்கச் சொன்னேன், பாதி வகுப்பு கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. என் மகன் அந்த வருடம்தான் இங்கே எழுதப் பழகிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு மீன், மறுபடியும் மீன். குடிக்க மழைத் தண்ணீர். விடுமுறை வெள்ளிக்கிழமை. கடிதம் எப்போது படகு வருகிறதோ அப்போது. அம்மா எழுதிய கடிதத்தில் "பையனுக்குக் காய்ச்சல்" என்று இருக்கும், நான் வாசிக்கும்போது அவன் குணமாகி ஓடி விளையாடிக்கொண்டிருப்பான். அது தெரியாமல் நான் இரண்டு நாள் தூங்க மாட்டேன்.

இரண்டு வருடம் முடித்துத் திரும்பினேன். நாங்கள் இப்போது இருக்கிற வீட்டின் அஸ்திவாரம் அந்தப் பணம். 1993ல் உதவி பெறும் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகான கதை உங்களுக்கே தெரியும், நீங்கள்தானே அந்தக் கதை.

இதை ஏன் சொன்னேன் என்றால், "டீச்சர் போன வழியில் நாங்களும் போகிறோம்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அன்று என் பயிற்சிப் பட்டயம் ஒன்றை வைத்துக்கொண்டு போக முடிந்தது. இன்று என் தகுதிக்குப் பெரும்பாலான நாடுகளில் வேலை அனுமதிச் சீட்டே கிடைக்காது. டிகிரி இல்லாமல் தாய்லாந்தில்கூட ஆசிரியராக முடியாது. டிகிரி மட்டும் இருந்தாலும் போதாது, அங்கே ஆசிரியர் கவுன்சிலின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும்.

யுனிவர்சிட்டி என்று கேட்டவர்களுக்கு: எம்.ஏ. குறைந்தபட்சம். கூடவே கல்லூரியில் பாடம் நடத்திய அனுபவம் வேண்டும், பல இடங்களில் பிஎச்.டி. கேட்கிறார்கள். என் நாத்தனார் வீட்டுக்காரர் 2008ல் எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இங்கிலீஷ் விரிவுரையாளராகப் போனார். அந்த நாட்டுக்கு ஹைலி செலாசி மன்னர் காலத்திலிருந்தே நம் ஊர் ஆசிரியர்கள் போயிருக்கிறார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளியிலிருந்து மேலே எல்லாமே ஆங்கில வழி. அண்ணன் போய் இறங்கியபோது அங்கே 2001ஆம் வருடம் பிறந்திருந்தது. அவர்கள் காலண்டர் நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால், வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். மணியையும் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை எட்டு மணி என்றால் அவர்களுக்கு இரண்டு மணி. "ரெண்டு மணிக்கு கிளாஸ்" என்று சொன்னார்களே என்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போயிருக்கிறார். முதல் நாளே ஆப்சென்ட்! இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவரிடம் எம்.ஏ., எம்.ஃபில்., பதினோரு வருடக் கல்லூரி அனுபவம் எல்லாம் இருந்தது. அதை மறந்துவிடாதீர்கள்.

கொரியா என்று ஒருவன் கேட்டிருந்தான். (நாடகம் பார்க்கிற ஆசையில் கேட்கிறாயா மக்கா?) அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தருகிற ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான். 2010ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வணிக உடன்பாட்டால், ஆசிரியர் தகுதி உள்ள நம்மவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக ஒரு சின்ன வாசல் உண்டு. சின்ன வாசல்தான். நம் இங்கிலீஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்க்கிற இடங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் கோபத்தை வைத்து விசா வாங்க முடியாது.

இன்டர்நேஷனல் பள்ளி என்றால் டிகிரி, பி.எட்., முழுநேர அனுபவம். பெரும்பாலான பள்ளிகள் அனுபவத்தை இரண்டு வருடம் என்று எழுதுவார்கள். இந்த "இரண்டு வருடம்" என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன்.

அவள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். கட்டுரை நோட்டில் ஓரம் விட்டு, தலைப்புக்குக் கீழே கோடு போட்டு எழுதுகிற பிள்ளை. திருநெல்வேலியில் ரெகுலரில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தாள், 2014 ஏப்ரலில் முடித்தாள். அந்த ஜூனில் நம் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவுக்கு நிர்வாகம் தற்காலிக ஆசிரியையாக அவளை எடுத்தது. நான்தான் சிபாரிசு செய்தேன், அப்போது தலைமையாசிரியை நான். 2015 செப்டம்பரில் அவள் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். கூட இருந்து பார்க்க ஆளில்லாமல் வேலையை விட்டாள். வட்டிக்கு வாங்கிய கடன் வேறு.

2016 தொடக்கத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். பாங்காக்கில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் ஆரம்பப் பிரிவுக்கு இங்கிலீஷ் ஆசிரியை தேவை என்று அந்தப் பள்ளியின் இணையதளத்திலேயே பார்த்து, நேரடியாக விண்ணப்பித்திருக்கிறாள். அந்தப் பள்ளிகள் ஆகஸ்டில் தொடங்கும், அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள் என்பதெல்லாம் அவளாகவே படித்துத் தெரிந்து வைத்திருந்தாள். வீடியோவில் இரண்டு நேர்காணல் முடிந்து, நன்றாகப் பேசியிருக்கிறாள். பி.எட். இல்லாததுகூடத் தடையாகவில்லை, வந்து சேர்ந்து படிக்கலாம் என்றிருக்கிறார்கள். அனுபவச் சான்றிதழ் மட்டும் வேண்டும்.

"டீச்சர், ரெண்டு வருஷம் கேக்காங்க. எனக்கு ஒரு வருஷம் நாலு மாசம்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொய் எழுதித் தாருங்கள் என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. நான்தான் பேனாவை எடுத்தேன். 2013 ஜூன் முதல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் வைத்துக் கொடுத்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைக்கு ஒரு வருடத்தை எழுதிக் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து என் மின்னஞ்சலுக்கு ஒரு படிவம் வந்தது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்தார், என்ன பொறுப்பு, மறுபடியும் இவரை வேலைக்கு எடுப்பீர்களா, இவர் குழந்தைகளோடு இருப்பதில் உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது. நம் ஊரில் ஒரு ஆசிரியரை எடுக்கும்போது யார் இதைக் கேட்கிறார்கள்? படிவத்தை மகனின் உதவியோடு நிரப்பினேன், சான்றிதழில் இருந்த அதே தேதிகளோடு. இரண்டாவது முறையும் பொய்.

நாலு நாள் கழித்து போன் வந்தது. ஒரு பெண்மணி, ரொம்ப மரியாதையான குரல். அவளைப் பற்றி நல்லதாகவே பத்து நிமிடம் பேசினோம். பிறகு கேட்டார்: "விண்ணப்பத்தில் 2014 ஏப்ரல் வரை முழுநேர எம்.ஏ. மாணவி என்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் 2013 ஜூனிலிருந்து முழுநேர ஆசிரியை என்று இருக்கிறது. இதில் எது சரி?"

என் வாயில் ஈரம் வற்றிவிட்டது. சாயங்கால வகுப்பு என்று சொல்லியிருக்கலாம், தபால் வழிப் படிப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவள் சேர்ந்தது 2014 ஜூனில்தான். கடிதத்தில் இருப்பது என் தவறு, அவளுடையது இல்லை" என்றேன்.

உண்மை பேசிவிட்டேன் என்று பெருமையடிக்க இதில் ஒன்றுமில்லை மக்களே. நான் பயந்துதான் பேசினேன். ஓய்வுபெற இரண்டே வருடம் இருந்தது. பள்ளி முத்திரையைப் பொய்க் கடிதத்தில் வைத்தவள் என்று யாராவது எழுதிப் போட்டால் என் பென்ஷன் என்ன ஆகும் என்ற கணக்கு அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது. அந்தப் பயத்தில் வந்த உண்மை அது.

அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதுதான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. "இரண்டு வருடம் என்பது எங்கள் விளம்பரத்தில் பிரிஃபர்டு என்றுதான் இருந்தது. பதினாறு மாதம் என்று எழுதியிருந்தாலும் நாங்கள் பரிசீலித்திருப்போம்."

நான் அவளை விளம்பரத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவள் நான். ரிக்வயர்டு என்றால் கட்டாயம், பிரிஃபர்டு என்றால் இருந்தால் நல்லது. இந்த வித்தியாசத்தை உங்கள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அவளும் எம்.ஏ., நானும் டீச்சர், இரண்டு பேரும் விளம்பரத்தை ஒழுங்காக வாசிக்கவில்லை. பயம் வந்தால் கண் வாசிக்காது போல.

இரண்டு நாளில் வேலை இல்லை என்று அவளுக்கு மெயில் வந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள். "நீங்க ஒரு வார்த்தை சமாளிச்சிருக்கலாமே டீச்சர்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். "எழுதிக் கொடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு வாயைத் திறந்த?" என்று வீட்டுக்காரர் கேட்டார். உறவிலும் சிலர் கேட்டீர்கள். போனில் என்ன சொன்னேன் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசினீர்கள். எனக்கு அந்தக் கையெழுத்துதான் உறுத்தியது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். கடன் கழுத்தை நெரித்ததில் அவள் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தாள். தாய்லாந்திலேயே யுனிவர்சிட்டி லெக்சரர் வேலை என்றான். ஒன்றேகால் லட்சம் வாங்கிக்கொண்டு டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிட்டான், அங்கே போனதும் மாற்றிவிடலாம் என்று. போய்ப் பார்த்தால் ஒரு சின்ன ஊரில் மாடியில் ஒரு டியூஷன் சென்டர். விசா முடியப்போகும் நேரமெல்லாம் பஸ்ஸில் லாவோஸ் எல்லை வரை போய்த் திரும்ப வேண்டும். வேலை அனுமதி கிடையாது, ஆகவே சம்பளத்தை நிறுத்தினால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் முதலில் மாட்டுவது அவள்தான். ஐந்தாவது மாதம் சம்பளம் தராமல் இழுத்தபோது திரும்பி வந்துவிட்டாள். இதெல்லாம் எனக்கு அவள் அம்மா சந்தையில் பார்த்துச் சொல்லித்தான் தெரியும். மூன்று வருடம் அவள் என்னோடு பேசவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். ஏஜென்ட் வழியாகப் போவதென்றால், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அந்த ஏஜென்ட்டின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர்கள் உங்களிடம் வாங்கலாம் என்று சட்டம் வைத்திருக்கிற உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "அங்கே போய் விசா மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளியோ பல்கலைக்கழகமோ, அதன் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் நேரே அவர்களுக்கே எழுதலாம், நடுவில் ஆள் எதற்கு?

சான்றிதழ்களை இப்போதே தயார் செய்யுங்கள், நேரம் பிடிக்கிற வேலை அது. டிகிரிச் சான்றிதழை மாநில அளவில் சரிபார்த்த பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. ஐக்கிய அரபு அமீரகம் மாதிரி அந்த முறையில் சேராத நாடுகளுக்குத் தூதரக அட்டெஸ்டேஷன். போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக. வளைகுடாவில் இருக்கிற நம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கும், அதற்கு முன்பே பாருங்கள். வார இறுதியில் ஆன்லைனில் முடிகிற சர்டிபிகேட் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். கேம்பிரிட்ஜின் செல்ட்டா என்றால் குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். யார் முன்னாலும் நிற்காமல் தருகிற சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காசைப் பி.எட்.டுக்குச் சேர்த்து வையுங்கள்.

அவளும் அதைத்தான் செய்தாள். கடனை அடைத்து, பி.எட். இரண்டு வருடமும் படித்து, இங்கேயே ஒரு பள்ளியில் வேலை பார்த்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளே கேக்கோடு வந்தாள். இரண்டு பேருமே பழைய கதையை எடுக்கவில்லை. சமையலறையில் நின்று டீ குடித்தோம். போகும்போது "மாலத்தீவுல வேலைக்குப் போட்டிருக்கேன் டீச்சர். அங்க பிள்ளைங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்திருந்த என் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள்.

இப்போது அங்கேதான் இருக்கிறாள். ஒப்பந்தம் முடியப்போகிறது. அடுத்து மறுபடியும் ஒரு இன்டர்நேஷனல் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "பழைய ஸ்கூல் எக்ஸ்பீரியன்ஸுக்கு உங்க பேரை ரெஃபரன்ஸ் போடலாமா டீச்சர்?" அந்தச் செய்தியை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பள்ளி லெட்டர்பேடில் எழுத எனக்கு இனி உரிமையில்லை. இப்போதைய தலைமையாசிரியரிடம் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, என் சொந்தப் பெயரில் எழுதி அனுப்பினேன். 2014 ஜூன் 2 முதல் 2015 செப்டம்பர் 30 வரை. ஒரு வருடம் நான்கு மாதம்.

உங்களில் யாருக்காவது என் ரெஃபரன்ஸ் வேண்டுமென்றால் சேர்ந்த தேதி, விட்ட தேதி, விளம்பரத்தின் நகல் மூன்றையும் அனுப்புங்கள். விளம்பரத்தை நானும் ஒரு தரம் வாசிக்கிறேன். கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் பழையபடி எழுத்து தெரிகிறது, அதனால் பதில் வர இரண்டு நாள் ஆகும்.